நானூறு கிராம்

எழுபத்தொன்பது கிலோ அறுநூறு கிராம். காலையிலிருந்து மூன்று முறை ஏறி இறங்கிவிட்டேன். மூன்றும் வேட்டியோடுதான், ஏனென்றால் நாளைக்கு நூறு பேர் முன்னால் வேட்டியை அவிழ்த்து வைத்துவிட்டுத் தராசில் ஏற முடியாது. மகன் வாங்கி வைத்திருக்கும் கண்ணாடித் தட்டு அது, ஏறி நின்றால் சிவப்பு எழுத்தில் எண் காட்டும், அந்த எண்ணைப் படிக்க வேண்டுமென்றால் வயிற்றை எக்கிக்கொண்டு குனிய வேண்டும், இல்லாவிட்டால் என் வயிறுதான் எனக்குத் தெரியும். நாளைக் காலை பத்து மணிக்கு ஆலை வாசல் பந்தலுக்கு டாக்டர் வருவார். எண்பதுக்குக் கீழே இருந்தால் நான் காலவரையற்ற உண்ணாவிரதத்தில் உட்காரலாம், எண்பதைத் தொட்டால் எழுந்து போய்க் கூட்டத்தோடு நின்று கைதட்டலாம். நடுவில் இருப்பது நானூறு கிராம். அந்த நானூறு கிராமின் மேல் இன்றைக்குத் தீபாவளி வந்து உட்கார்ந்திருக்கிறது. வீடு முழுக்க நெய் நாறுகிறது. மணக்கிறது என்பார்கள். இருபத்தொரு நாளாக வெள்ளரிக்காயும் கொள்ளுத் தண்ணீருமாகக் கிடப்பவனுக்கு நாறத்தான் செய்யும், செத்த மாட்டின் கொழுப்பை யாரோ பக்கத்து அறையில் உருக்கிக்கொண்டிருப்பதைப் போல நாறும். தெருவில் வெடிப்புகை, அடுப்பில் எண்ணெய்ப்புகை, இரண்டும் கூடத்துக்குள் வந்து கட்டிப் புரள்கின்றன. மூச்சு விட்டால் நாக்கில் எண்ணெய் படிகிறது. மூச்சுக்கு எடை உண்டா? முட்டாள்தனம். ஆனாலும் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொள்கிறேன்.

தீபாவளிக்கும் எனக்கும் ஒட்டு கிடையாது. இருபத்தாறு வயதில் நானே எழுதி, நானே அச்சகத்தில் நின்று, மூவாயிரம் துண்டறிக்கை அடித்து, சிங்காநல்லூரிலிருந்து பீளமேடு வரை ஒவ்வொரு ஆலை வாசலிலும் கொடுத்தவன் நான். ஒருவனைக் கொன்ற நாளுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறாயே தோழா, செத்தவன் யார் என்று கேட்டாயா? அப்படித்தான் ஆரம்பிக்கும் அது. இன்றைக்கும் தலைகீழாகச் சொல்வேன். நான் படித்த பள்ளிக்கூடம் அந்த மாதிரித் துண்டறிக்கைகள்தான், நாலாம் வகுப்போடு ஆலையில் பாவு நூல் ஓட்டப் போனவனுக்கு வேறு எது கற்றுக்கொடுக்கும்? ஆனால் அன்று சாயங்காலம் அச்சு மை படிந்த கையோடு வீட்டுக்கு வந்து, அருக்காணி சுட்டு அடுக்கியிருந்த அதிரசத்தில் ஏழைத் தின்றேன். அதை எந்தத் துண்டறிக்கையிலும் எழுதவில்லை. எண்ணெய் தேய்க்க மாட்டேன், புதுத்துணி உடுக்க மாட்டேன், வெடியைத் தொட மாட்டேன், ஆனால் தின்பேன். பெண்களின் உழைப்பை அவமதிக்கக் கூடாது என்று அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தேன். நாற்பத்து மூன்று தீபாவளி. நாற்பத்து மூன்று தீபாவளியை எதிர்த்துப் பேசிவிட்டு நாற்பத்து மூன்றையும் தின்றவன் வயிறு இது, தொடைமேல் உட்கார்ந்திருக்கிறது, வேறு யாரோ இறக்கி வைத்துவிட்டுப் போன மூட்டையைப் போல. இந்த வருடம் ஒரு துண்டுகூடத் தொட மாட்டேன் என்று சொன்னபோது அருக்காணி தேன்குழல் பிழிந்துகொண்டிருந்தவள் அச்சை அப்படியே தூக்கிப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தாள். "ஏனுங், கொள்கையா? இல்ல கொழுப்பா?" என்றாள். நாற்பது வருடம் என் கூட்டங்களுக்கு வராதவள். ஒரே ஒரு கேள்வி கேட்டாள், அதற்குப் பதில் சொல்ல எனக்கு ஒரு மாநாடு போதாது.

கொழுப்புதான். சொல்லிவிட வேண்டியதுதானே. போன மாசியில் ஒருநாள் அடையாள உண்ணாவிரதம், காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை. முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன், மூத்த தோழர் அல்லவா. எவனோ ஒருத்தன் போட்டோ எடுத்தான். நான் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த நேரம், சட்டைப் பொத்தான் இரண்டு பிதுங்கி நடுவில் பனியன் தெரிய, வயிறு மடியில் வழிய. கீழே எழுதியிருந்தான்: 'பட்டினியால் வாடும் பாட்டாளி.' அது கோயம்புத்தூர் முழுக்கச் சுற்றியது. மகனுடைய ஆபீசுக்கே போயிருக்கிறது. சமதர்மன் என்று நான் பேர் வைத்த மகன், அங்கே அவனை சாம் என்கிறார்கள். அன்றிரவு செல்போனை என் முன்னால் வைத்தான், சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம். அந்தப் போட்டோவை நான் தனியாக எத்தனை முறை பார்த்தேன் என்று யாருக்கும் தெரியாது. அந்த வாயை. திறந்து கிடக்கும் அந்த வாயை. எதையாவது உள்ளே போடு என்று கேட்பதற்காகவே செய்த ஓட்டை. பிறகு ஆடியில் ஆலைக் கேண்டீனில் சமைத்துக்கொண்டிருந்த ஒன்பது பெண்களை ஒரே நாளில் வெளியே தள்ளினார்கள். போராட்டக் குழு போட்டோம், மூன்று மாதம் வாசலில் உட்கார்ந்தோம், ஒன்றும் அசையவில்லை, காலவரையற்ற உண்ணாவிரதம் நான் இருக்கிறேன் என்றேன். டாக்டர் வயதைச் சொன்னார், சர்க்கரையைச் சொன்னார், என் பொறுப்பு என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். எல்லாரும் கைதட்டினார்கள். வேலுமணி மட்டும் தட்டவில்லை. அந்த ஒன்பது பேரில் தலைமைச் சமையல்காரி அவள்தான், போராட்டக் குழுவுக்கும் அவள்தான் அமைப்பாளர். கூட்டம் கலைந்த பிறகு பந்தக்காலைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். "அண்ணா, கோவிச்சுக்கப்படாது. நானே உக்காந்துக்கறனுங்." நான் இருக்கும்போது நீ உட்காருவதா என்றேன். "அப்படீன்னா ஒண்ணு சொல்றனுங். நீங்க உக்காந்தா மறுபடியும் போட்டோ எடுப்பாங்க. உங்களப் பாத்துச் சிரிச்சா பரவால்லைங், எங்களப் பாத்துச் சிரிப்பாங்க. எண்பதுக்குக் கீழ வாங்க, உக்காருங்க. இல்லாட்டி நான்." அன்றைக்கு நான் எண்பத்தாறு. எண்பது என்ற எண்ணை அவள் எங்கிருந்து எடுத்தாள்? அரிசி மூட்டை நிறுக்கிறவள், கண்ணால் பார்த்தே சொல்லியிருப்பாள், இவ்வளவு இறக்கினால் ஆள் மாதிரித் தெரிவான் என்று. போலீஸ் என்னை நிறுத்தியிருக்கிறது, நீதிமன்றம் நிறுத்தியிருக்கிறது, ஒரு சமையல்காரி நிறுத்தினது இதுதான் முதல் தடவை.

உள்ளே டிவியில் ஒரு பெண் பேசிக்கொண்டிருக்கிறாள். பண்டிகைக் காலத்தில் எடை கூடாமல் இருப்பது எப்படி. சின்னத் தட்டில் சாப்பிடுங்கள், சாப்பிடுவதற்கு முன் இரண்டு டம்ளர் தண்ணீர் குடியுங்கள், இனிப்பைப் பாதியாக உடைத்துப் பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுங்கள். எலும்பு எடுத்த மீன் மாதிரி மெத்தென்ற குரல். யாருக்குச் சொல்கிறாள்? பக்கத்தில் தின்ன ஆள் இருக்கிறவனுக்கு, பாதியை விட்டுவிட முடிகிறவனுக்கு. அவள் முடித்ததும் லேகிய விளம்பரம், அது முடிந்ததும் நெய் விளம்பரம். தின்னச் சொல்கிறவனும் அவன், கரைக்கச் சொல்கிறவனும் அவன், ஒரே முதலாளியின் இரண்டு கை. இதை எழுத வேண்டும். எழுதி என்ன? நான் அந்தப் பெண் சொன்ன மூன்றையும் மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறேன். தண்ணீர் கூடாது, ஒரு டம்ளர் இருநூறு கிராம், பாதித் தீபாவளி அதிலேயே போய்விடும். பதினொரு மணிக்குள் ஐந்து வீட்டிலிருந்து தட்டு வந்துவிட்டது. ஒவ்வொரு தட்டும் ஒரு கைக்குட்டையால் மூடி, மேலே ஒரு வாழைப்பழம். லட்டு, பாதுஷா, பச்சையும் மஞ்சளுமாக என்னவோ ஒன்று, கையை வைத்தால் விரல் அப்படியே வழுக்கி இறங்குகிறது. எதிர்வீட்டு அம்மா தட்டைக் கையில் கொடுத்துவிட்டு நான் வாயில் போடும் வரை நகரவில்லை. "ஒண்ணே ஒண்ணுங்கய்யா, நல்ல நாளு." பல்வலி என்றேன். அவள் கண்ணிலும் அந்தப் போட்டோ இருந்தது, எல்லார் கண்ணிலும் இருக்கிறது. இந்த வாய் வேண்டாம் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? மூடிய கதவுக்குப் பின்னால் சட்டையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டேன். ஆறு கிலோ போயிருக்கிறது, ஆனால் இந்த மடிப்பு போகவில்லை, மார்புக்குக் கீழே ஈரமாக, புழுங்கல் வாடை அடித்துக்கொண்டு, இரண்டு உதடு போலத் தொங்குகிறது. காற்றுப்போன சைக்கிள் டியூப்பு. இதையா நாளைக்குப் பந்தலில் உட்கார வைக்கப் போகிறேன்?

முப்பத்தொரு வயதில் உட்கார்ந்தபோது ஐம்பத்திரண்டு கிலோ. பதினான்கு நாள். ஒவ்வொரு நாள் காலையிலும் டாக்டர் வந்து நிறுத்து, கரும்பலகையில் சுண்ணாம்புக் கட்டியால் எழுதிவிட்டுப் போவார். ஐம்பத்தொன்று, ஐம்பது, நாற்பத்தொன்பது. சைக்கிளில் ஷிப்டுக்குப் போகிறவர்கள் காலை ஊன்றி நின்று அந்தப் பலகையைப் படித்துவிட்டுப் போவார்கள், எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் என்னைப் பார்த்தே படித்தார்கள். நான் எழுதியதிலேயே சிறந்தது என் விலா எலும்புதான். எழுத்துப் பிழை கிடையாது, யாரும் கிழித்துப் போட முடியாது. எட்டாம் நாள் பசி நின்றுவிடும், அதற்குப் பிறகு உடம்பில் ஒரு வெளிச்சம் இருக்கும், தூரத்தில் எவனாவது வெங்காயம் நறுக்கினால் கேட்கும். கூட உட்கார்ந்த இரண்டு தலைவர்கள் பந்தலுக்குப் பின்னால் போய் குளுக்கோஸ் தண்ணீர் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வந்ததை என் கண்ணால் பார்த்தேன். நான் குடிக்கவில்லை. ஒரு சொட்டுக் கூட இல்லை. அவர்களில் ஒருத்தன் வாரியத் தலைவராகிச் செத்தான், இன்னொருத்தன் பேரில் இன்றைக்குத் தெரு இருக்கிறது. எனக்கு இருப்பது அந்தப் பதினான்கு நாள்தான். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் கூட்டம். கூட்டத்துக்குக் கூட்டம் டீ, டீக்குக் கூட பன், கிளைக் கூட்டத்தில் வடை, மாவட்டக் கூட்டத்தில் பிரியாணி. என்னை எந்த முதலாளியும் விலைக்கு வாங்கவில்லை, சத்தியம், ஆனால் வடை வடையாக என்னை யாரோ தின்ன வைத்துக் கரைத்துவிட்டார்கள், ஒருநாள் பார்த்தால் அந்த முப்பத்தொரு வயதுக்காரன் இந்தச் சதைக்குள் எங்கேயோ புதைந்து கிடக்கிறான். நாளைக்கு அவனைத் தோண்டி எடுத்துப் பந்தலில் வைக்க வேண்டும். ஒரு பத்து நாளாவது. அப்புறம் என்ன ஆனாலும் சரி. நான் பயப்படுவது சாவுக்கு இல்லை. நாளைக்கு டாக்டரின் தராசு மகனின் தராசைவிட அரைக் கிலோ கூடக் காட்டினால்? இருபத்தொரு நாள் கழித்து எண்பது புள்ளி ஒன்று என்று உரக்கப் படித்தால்? கூட்டம் சிரிக்காது. இரக்கப்படும். அதற்குத்தான் பயம்.

பன்னிரண்டு மணிக்குப் படியேறி வந்தார்கள், ஒன்பது பேரும். செருப்பு விடும் சத்தம் கேட்டபோதே எதற்கு வருகிறார்கள் என்று எனக்குத் தெரியும், நிகழ்ச்சி நிரலில் எழுதியதே நான்தான். எங்கள் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. காலவரையற்ற உண்ணாவிரதம் என்றால், முந்தின நாள், யாருக்காக உட்காருகிறோமோ அவர்கள் வந்து ஆளுக்கு ஒரு பிடி சோறு ஊட்டிவிட வேண்டும். அந்தப் பழைய போராட்டத்தில் நான் கொண்டுவந்தது. எழுதும்போது அழகாக இருந்தது, ஒன்பது பிடி என்றால் எத்தனை கிராம் என்று எழுதும்போது எவன் கணக்குப் பார்க்கிறான்? பிடிக்கு ஐம்பது வைத்தாலும் நானூற்றைம்பது. வேலுமணி இடுப்பில் ஒரு பெரிய தூக்குப்போசி. மூடியைத் திறந்ததும் அரிசியும் பருப்பும் சேர்த்து ஆக்கின சோறு, பூண்டு, சீரகம், நெய். கேண்டீனிலிருந்து வெளியே வந்த பிறகு ஒன்பது பேரும் சேர்ந்து ஒரே அடுப்பில் சமைத்தது இதுதான் முதல் தடவை என்றாள், பிள்ளைகளுக்கெல்லாம் இதைத்தான் போட்டுவிட்டு வருகிறார்களாம், பலகாரம் சுடவில்லையாம். எண்பது என்று சொன்ன அதே வாயால் சாப்பிடுங்கள் என்கிறாள். சதியா? என்னை எண்பதைத் தாண்ட வைத்துவிட்டு அவள் உட்காரப் பார்க்கிறாளா? முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. நெற்றியில் வேர்வை, புருவத்தில் ஒட்டின அடுப்புச் சாம்பல். அவள் மறந்தே போயிருக்கிறாள். எண்பதை நினைத்துக்கொண்டே இருபத்தொரு நாள் கிடந்தவன் நான் ஒருத்தன்தான். முதல் பிடியை வைத்தாள். நான் உதட்டைக் குறுக்கிக்கொண்டேன். பின்னாலிருந்து ஒருத்தி, "அண்ணனுக்கு மேடையில ஏறுனாத்தான் வாய் தொறக்குமாட்ட இருக்குது, ஒரு மைக்கு வாங்கியாங்க" என்றாள், எல்லாரும் சிரித்தார்கள், சிரித்த நேரத்தில் வாய் திறந்துவிட்டது, அடுத்தவள் உருட்டி உள்ளே தள்ளினாள். தோலில் கரப்பான் ஊர்வது போல இருந்தது, சோற்றுக்காக இல்லை, என் நாக்குக்காக. என் அனுமதி இல்லாமல் அது ஓடிப்போய்ச் சோற்றைக் கட்டிப் பிடித்தது. எச்சில் ஊறி உதட்டோரம் வழிந்தது, அருக்காணி பார்த்துக்கொண்டே நின்றாள். மூன்று, நான்கு. ஏழாவது பிடி வைத்தவள் அழுதாள். "நாங்க ஆக்குனதத் தின்னு ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகலைங்கண்ணா, நீங்களாச்சும் சொல்லுங்க" என்றாள். அதுதான் விஷயமே. அதுதான் மூன்று மாதமாக விஷயம். கேண்டீன் சாப்பாட்டைத் தின்று பதினெட்டுப் பேர் வாந்தி எடுத்தார்கள் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டித்தான் இவர்களை அனுப்பினார்கள். மறுநாள் காலையிலேயே வெளி காண்ட்ராக்டரின் வண்டி வாசலில் நின்றது. விசாரணையில் வேலுமணி ஒன்றே ஒன்று கேட்டாள், அந்தப் பதினெட்டில் ஒருத்தன் பேரைச் சொல்லுங்கள் என்று. இன்று வரை ஒரு பேர் வரவில்லை. நான் அதை வைத்துத்தான் துண்டறிக்கை எழுதினேன். ஒன்பதாவது பிடி. விழுங்கினேன். கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

படி இறங்குகிற சத்தம் ஓய்வதற்குள் தராசை இழுத்துப் போட்டு ஏறினேன். எண்பது புள்ளி இரண்டு. இறங்கி, மறுபடி ஏறினேன். எண்பது புள்ளி இரண்டு. கண்ணாடியைத் துடைத்துவிட்டு ஏறினேன், எண்ணைத் துடைக்க முடியுமா? அருக்காணி வந்த தட்டுகளுக்குப் பதில் தட்டு கொடுக்கப் பக்கத்து வீடுகளுக்குப் போய்விட்டாள், மகன் உள்ளே தூங்குகிறான், வாய் திறந்துதான் தூங்குகிறான், என் வாய். பொழுது சாய்வதற்குள் குறையும், ராத்திரி குறையும், காலையில் கக்கூசு போனால் குறையும். குறையாவிட்டால்? டாக்டரின் தராசு கூடக் காட்டினால்? பின்வாசல் வழியாகக் கொல்லைக்குப் போனேன். துவைக்கிற கல்லைத் தாண்டி மூலையில் குளியலறை. என்ன செய்யப் போகிறேன் என்று நான் என்னிடம் சொல்லவில்லை, கால் போயிற்று, கை தாழ்ப்பாளைப் போட்டது. குனிய வயிறு விடவில்லை, ஒரு கையால் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையின் இரண்டு விரலை உள்ளே விட்டேன். நாக்கின் அடி, வழவழப்பு, அதற்கும் கீழே கெட்டியாக ஏதோ துடித்தது. முதலில் சத்தம் மட்டும் வந்தது, நாய் இருமுவது போல. மறுபடி விட்டேன். வந்தது. முழுசு முழுசாக வந்தது, பூண்டுப் பல் மெல்லாமலேயே இருந்தது, மஞ்சளாகப் பருப்பு, அதன்மேல் நெய் கண் கண்ணாக மிதந்தது. மூக்கு வழியாகவும் வந்தது. ஒவ்வொரு முறையும் வயிறு சுருண்டு எழும்போது ஒரு சந்தோஷம், நூறு கிராம், இன்னொரு நூறு, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை, அந்தச் சந்தோஷத்தை. யார் கையால் உள்ளே போனது, யார் கையால் வெளியே வருகிறது என்று ஏழாவது பிடி வைத்தவளின் மூக்குத்தி ஞாபகம் வந்தபோதுதான் தெரிந்தது. பதினெட்டுப் பேரில் ஒருத்தன் பேர் கூடக் கிடைக்காமல் ஆலைக்காரர்கள் மூன்று மாதமாகத் திண்டாடிக்கொண்டிருக்கிறார்கள், இதோ ஒரு பேர். சென்னியப்பன், வயது அறுபத்தொன்பது, மூத்த தோழர். தண்ணீர் ஊற்றினேன். போகவில்லை. இன்னும் ஊற்றினேன். வாயைத் துடைத்துக்கொண்டு, குளுக்கோஸ் குடித்துவிட்டு வந்த அந்த இரண்டு பேர் துடைத்ததைப் போலவே துடைத்துக்கொண்டு, கதவைத் திறந்தேன்.

துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் வேலுமணி நின்றிருந்தாள். கை கழுவினபோது தூக்குப்போசியைக் கல்லோரம் விட்டுவிட்டுப் போயிருக்கிறாள், அதை எடுக்கச் சந்து வழியாகத் திரும்பி வந்திருக்கிறாள், எப்போது வந்தாள் என்று கேட்க வேண்டியதில்லை. வெளுத்துப் போன முகம். அவள் என்னைப் பார்க்கவில்லை. போசியின் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தாள். விரலால் அடியிலிருந்து கொஞ்சம் எடுத்து நாக்கில் வைத்தாள், கண்ணை மூடிக்கொண்டு, மறுபடியும் எடுத்து வைத்தாள். "நெய் காலைலதானுங் உருக்குனேன்" என்றாள், எனக்குச் சொல்வது போல இல்லை. "பருப்புப் புதுசு. தண்ணி காய வச்ச தண்ணி. ஏனுங்ணா, சோறுங்களா? சோறுதானுங்களா? சொல்லிப் போடுங்க. எங்கூட்டுப் புள்ளைங்க எல்லாம் இதத்தானுங் தின்னுச்சுங்க." குரல் உடையவில்லை, அதுதான் மோசம், விசாரணையில் பேசின அதே குரல். ஆனால் அன்றைக்கு அவளுக்குச் சந்தேகம் கிடையாது. மூன்று மாதத்தில் எந்த அதிகாரியும் வைக்க முடியாத ஒன்றை அவள் கண்ணில் நான் வைத்துவிட்டேன், அவள் கை மேலேயே அவளுக்குச் சந்தேகம். பித்தம் என்று சொல்லலாம். இந்த வயதுக்கு, இந்த வெயிலுக்கு, யாருக்கும் வருவதுதானே. சொன்னால் நம்ப மாட்டாள், ஆனால் தலையாட்டுவாள், வீட்டுக்கு ஓடுவாள், ஒன்பது வீட்டுப் பிள்ளைகளின் நெற்றியையும் தொட்டுத் தொட்டுப் பார்ப்பாள், நான் நாளைக் காலை எழுபத்தொன்பது புள்ளி ஏழோடு பந்தலில் உட்காருவேன், கரும்பலகையில் என் பேர் எழுதுவார்கள். எல்லாம் கையில் இருந்தது. கை நாறியது. "விரலை விட்டேன்" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. "சோறு நல்ல சோறு. நான்தான் விரல் விட்டு எடுத்தேன்." அந்த இரண்டு விரலையும் நீட்டிக் காட்டினேன், கழுவாமல் இருந்தது, முட்டியில் பல் பட்டுத் தோல் சிவந்திருந்தது. "எதுக்குங்?" என்றாள். "எண்பதைத் தாண்டிடுச்சு."

முதலில் அவள் தோள் இறங்கியது. பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகாது என்று தெரிந்த பிறகுதான் என்னைப் பார்த்தாள். வேர்வையில் ஒட்டிய பனியன், மூக்கில் ஒழுகினது, வயிறு. என்னை எத்தனையோ பேர் எத்தனையோ விதமாகப் பார்த்திருக்கிறார்கள். லத்தியை ஓங்கியவன் கண்ணில் கூட ஒரு மரியாதை இருந்தது. "ச்சீ" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். பிறகு குழாயைத் திறந்து, "கை கழுவுங்" என்றாள். கழுவினேன். "வாய் கொப்புளிங்க." கொப்புளித்தேன். போசியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு எனக்கு முன்னால் சமையலறைக்குள் போனாள், தன் வீடு மாதிரி தட்டு எங்கே இருக்கிறது என்று பார்த்து எடுத்தாள், பெரிய தட்டு. கீழே உட்காரச் சொன்னாள். கீழே உட்கார எனக்கு முட்டி மடங்காது, ஸ்டூலைக் காலால் தள்ளி வைத்தாள். "நாளைக்கு நான் உக்காந்துக்கறனுங். டாக்டருக்கு நான் சொல்லிக்கறேன். நீங்க பக்கத்துல நின்னு நோட்டீசு குடுங்க, உங்களாட்டம் அதப் படிச்சுக் காட்ட எங்களுக்கு வராது." இரண்டு கரண்டி போட்டாள். உனக்குப் பழக்கம் இல்லை, எட்டாம் நாள் என்ன ஆகும் தெரியுமா என்று ஆரம்பித்தேன். "பதினெட்டு வருசமா ரெண்டாயிரம் பேருக்குப் போட்டுட்டு மூணு மணிக்குத்தானுங் தின்னுருக்கறேன். பசியெல்லாம் எங்களுக்கு நீங்க சொல்லித் தர வேண்டாம். தின்னுங்." தின்றேன். ஆறிப் போயிருந்தது, நெய் தட்டோரத்தில் உறைந்து வெள்ளையாக நின்றது, தொண்டை முழுக்கக் கீறல், ஒவ்வொரு வாயும் முள்ளோடு இறங்கியது. அவள் போகவில்லை. கரண்டியைப் பிடித்துக்கொண்டு எதிரிலேயே நின்றாள், என் வாயைப் பார்க்கவில்லை, தட்டை மட்டும் பார்த்தாள், வரிசையில் எத்தனையாவது ஆளாக இருந்தாலும் அப்படித்தான் பார்த்திருப்பாள். உப்பு சரியாக இருந்தது. அதை அவளிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன், வாய் நிறைய இருந்தது. உள்ளே டிவியில் யாரோ கைதட்டினார்கள். தட்டின் அடி தெரிந்தபோது, "இன்னுமொரு கரண்டி வெக்கட்டுங்களா?" என்று கேட்டாள். வேண்டாம் என்பதுதான் என் வாழ்க்கையில் நான் நன்றாகச் சொல்லப் பழகிய ஒரே சொல். தட்டை நீட்டினேன்.